பெயரைக் கதைக்க முதல் காணியைக் கதைப்போம்

2025 ஜூலை 20ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் தன்னுடைய சமூக ஊடகத் தளத்தில் ஒரு கட்டளை போட்டார். வொஷிங்டன் நகரத்தின் கால்பந்து அணி உடனடியாகத் தன் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால், நகரத்துக்குள் அந்த அணிக்குக் கட்டப்படவிருக்கும் புதிய மைதானத்துக்குத் தான் தடை போடக்கூடும். பூர்வகுடி மக்களே பெருந்தொகையாக இதை விரும்புகிறார்கள் என்றும் சேர்த்து எழுதினார்.

இதைப் பார்த்துவிட்டு எங்கட வயதுக்காரர் இரண்டு விதமாகக் கதைக்கிறார்கள். ஒரு பகுதி: "விளையாட்டு ரீம் ஒண்டின்ர பெயர்தானே, இதில என்ன பெரிய அரசியல்?" மற்றப் பகுதி: "அந்தப் பிரச்சினை 2020இலேயே முடிஞ்சுது. அணியே திருந்திப் பெயரை மாத்தீட்டுது. இப்ப ட்ரம்ப்தான் குழப்புறார்."

நாங்கள் இரண்டையும் ஏற்கவில்லை. முதலாவது வெறும் சோம்பேறித்தனம். இரண்டாவதுதான் கூடுதலாக ஆபத்தானது, ஏனென்றால் அது முற்போக்கு மாதிரித் தெரியும். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த அணி ஒருநாளும் தானாகத் திருந்தவில்லை. தொண்ணூறு வருசத்தில் அங்கே நடந்த பெரிய மாற்றங்கள் எல்லாம் யாரோ அதன் கையை முறுக்கித்தான் நடந்தன. முறுக்கியது யார், அதற்கு முதல் எத்தனை வருசம் யார் கத்திக் களைத்தார்கள் என்பதை மறந்துவிட்டு "அணி திருந்திவிட்டது" என்று கதை சொன்னால், அதே கையை இன்னொருவர் மற்றப் பக்கமாக முறுக்க வரும்போது எங்களிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்காது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இது நாங்கள் விளையாடுகிற கால்பந்து இல்லை. ரக்பியின் ஒன்றுவிட்ட தம்பி, தலைக்கவசத்தோடும் தோள்கவசத்தோடும் விளையாடுவது. அதன் தொழில்முறை லீக்தான் என்.எஃப்.எல். விளையாட்டு பிடிக்காதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். இங்கே பந்து கொஞ்சநேரம்தான் வரும்.

"கௌரவப்படுத்தத்தான் வைத்தோம்"

அணி தொடங்கியது 1932இல், பொஸ்டனில். அதே மைதானத்தில் விளையாடிய பேஸ்போல் அணியின் பெயரையே இரவல் வாங்கி "பிரேவ்ஸ்" என்று வைத்தார்கள். அடுத்த வருசம் வேறு மைதானத்துக்கு மாறியபோது பெயரையும் மாற்ற வேண்டி வந்தது. உரிமையாளர் ஜோர்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் தேர்ந்தெடுத்த பெயர் "ரெட்ஸ்கின்ஸ்", அதாவது சிவப்புத் தோலர். இந்தக் கட்டுரையில் இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் அதை எழுதுகிறோம். இனிமேல் "பழைய பெயர்".

பிற்காலத்தில் அணி நிர்வாகம் சொல்லிவந்த விளக்கம், அப்போதைய பயிற்றுநர் லோன் ஸ்டார் டீட்ஸ் ஒரு பூர்வகுடி, அவரைக் கௌரவிக்கத்தான் இந்தப் பெயர் என்பது. ஆனால் 1933இலேயே மார்ஷல் பத்திரிகைகளுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பேஸ்போல் அணியோடு குழம்பாமல் இருக்கத்தான் மாற்றினேன், பயிற்றுநரோ வீரர்களோ அதற்குக் காரணம் இல்லை. அந்த டீட்ஸ் உண்மையில் பூர்வகுடிதானா என்பதே சந்தேகம். முதலாம் உலகப்போர்க் காலத்தில் பூர்வகுடி என்று பொய்யாகப் பதிந்து படைக்கு ஆட்சேர்ப்பில் இருந்து தப்பினார் என்று வழக்கு நடந்து 30 நாள் சிறையும் இருந்தவர். ஆகவே "கௌரவம்" என்ற கதை பெயர் வைத்த அன்றைக்கு இருக்கவில்லை. யாரோ கேள்வி கேட்கத் தொடங்கின பிறகு தேவைக்கு வந்த கதை அது.

1937இல் அணி வொஷிங்டனுக்கு வந்தது. 1938இல் அதற்கு ஒரு பாட்டு வந்தது. சொற்களை எழுதியவர் மார்ஷலின் மனைவி, பேசாப்பட நடிகை கோரின் கிரிஃபித். பூர்வகுடிகள் கொச்சை ஆங்கிலம் பேசுவதுபோலக் கேலி செய்து, எதிரியின் தலைத்தோலை உரிப்பது பற்றிப் பாடுகிற பாட்டு. இறகுத் தலையணி மாட்டின வெள்ளைக்கார பாண்ட் வாத்தியக் குழு அதை மைதானத்தில் வாசித்தது. இதுதான் கௌரவமென்றால், அவமானம் எப்படி இருக்கும் என்று யாராவது சொல்லித் தரட்டும்.

கடைசியாகத் திறந்த கதவு

இனி இரண்டாவது அத்தியாயம். பெயர்ச் சண்டையைப் பற்றி எழுதுகிற பலபேர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்களுக்கு இதுதான் சாவி.

1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். முழுவதிலும் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது, உரிமையாளர்களுக்குள் இருந்த எழுதாத புரிந்துணர்வு. 1946இல் லொஸ் ஏஞ்சலிஸ் அணி கெனி வொஷிங்டனையும் வூடி ஸ்ட்ரோடையும் சேர்த்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற அணிகளும் கதவைத் திறந்தன. மார்ஷலின் அணி மட்டும் 1961 வரைக்கும் திறக்கவில்லை. தென் மாநிலங்கள் முழுக்க வானொலி, தொலைக்காட்சி வலையமைப்பு வைத்து "தெற்கின் அணி" என்று அதை விற்றுக்கொண்டிருந்தவர் மார்ஷல். கறுப்பினத்தவரை ஒதுக்கி வைப்பது அவருக்கு நம்பிக்கையும் வியாபாரமும்.

வொஷிங்டன் போஸ்ட் பத்தியாளர் ஷேர்லி பொவிச் வருசக்கணக்காக இதைக் குத்திக்காட்டி எழுதினார். கறுப்பினப் பத்திரிகையாளர் சாம் லேசி எழுதினார். கறுப்பின மக்கள் வாசலில் மறியல் செய்தார்கள். மார்ஷல் அசையவில்லை. அணி தோற்றுத் தோற்றுத் தரைமட்டம் ஆனபோதுகூட அசையவில்லை. 1961 பருவத்தில் 14 ஆட்டங்களில் அவர்கள் வென்றது ஒன்றே ஒன்று.

அசைத்தது காணி. அந்த வருசம் நகரத்தின் கிழக்கே, அனகொஸ்டியா ஆற்றங்கரையில் ஒரு புதிய மைதானம் திறக்கப்பட்டது. மார்ஷல் அதை 30 வருசக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஆனால் அந்த நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமான பூங்கா நிலம். கென்னடி அரசாங்கத்தின் உள்துறைச் செயலாளர் ஸ்டுவர்ட் யுடல் 1961 மார்ச்சில் மார்ஷலுக்குக் கடிதம் போட்டார். அதன் சாரம்: அரசாங்கக் காணியில் வேலைவாய்ப்பில் இனப்பாகுபாடு காட்ட ஏலாது, கறுப்பின வீரர்களைச் சேர்க்காவிட்டால் அங்கே விளையாட விடமாட்டோம். அமெரிக்க நாசிக் கட்சிக்காரர்கள் மார்ஷலுக்கு ஆதரவாகப் பதாகை பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். எந்தப் பக்கம் சரி என்று குழப்பம் இருந்தவர்களுக்கு அதுவே போதும்.

மார்ஷல் இறங்கி வந்தார். 1961 டிசம்பரில் நடந்த வீரர் தெரிவில் கல்லூரிக் கால்பந்தின் நட்சத்திரம் எர்னி டேவிஸைத் தெரிந்து, உடனேயே அவரைக் கிளீவ்லாண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு பொபி மிச்சலை எடுத்தார்கள். (டேவிஸ் பாவம், இரத்தப் புற்றுநோய் வந்து, ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடாமலே 1963இல் இறந்துபோனார்.) மிச்சல் 1962இல், வந்த முதல் பருவத்திலேயே, பந்து பிடிப்பில் முழு லீக்கிலும் முதலிடம். ஒரு வெற்றியோடு இருந்த அணி அந்த வருசம் ஐந்து ஆட்டங்களில் வென்றது. "திறமைதான் முக்கியம், நிறம் இல்லை" என்று சொல்லுகிற உரிமையாளர்கள் உண்மையிலேயே வெற்றியை விரும்பியிருந்தால் இதைப் பதினாறு வருசம் முன்னமே செய்திருக்கலாம்.

மார்ஷல் மனம் மாறினாரா? 1969இல் இறந்தபோது அவர் விட்டுப்போன உயிலைப் பாருங்கள். சிறுவர் நலனுக்கு ஓர் அறக்கட்டளை வைத்தார், ஆனால் இன ஒருங்கிணைப்பை ஆதரிக்கும் எந்தக் காரியத்துக்கும் அந்தக் காசு போகக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார். பொபி மிச்சலோ ஆட்டத்தை விட்ட பிறகும் அதே அணியின் நிர்வாகத்தில் 2003 வரை வேலை செய்தார். பொது முகாமையாளர் பதவி கடைசிவரைக்கும் அவருக்குக் கிடைக்கவில்லை.

"ஆனால் டக் வில்லியம்ஸ்?" என்று ரசிகர்கள் கேட்பார்கள். உண்மைதான். 1988 ஜனவரியில் சுப்பர் போல் வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் இந்த அணியின் டக் வில்லியம்ஸ்தான். இரண்டாவது கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுண் பந்துகள் எறிந்து, டென்வரை 42-10 என்று நொறுக்கினார். அந்த ஆட்டத்தை இன்றைக்கு யூடியூபில் பார்த்தாலும் மெய்சிலிர்க்கும். அந்த வெற்றி வில்லியம்ஸின் வெற்றி. கதவைத் தட்டினவர்களின் வெற்றி. கதவைப் பூட்டி வைத்திருந்தவரின் கணக்கில் அதை எழுத வேண்டாம் என்றுதான் கேட்கிறோம்.

ஐம்பது வருசம் தட்டினவர்கள்

பெயருக்கு எதிரான போராட்டம் 2020இல் தொடங்கவில்லை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவை 1968இலேயே இப்படியான பெயர்களுக்கும் உருவங்களுக்கும் எதிராக இயக்கம் தொடங்கிவிட்டது. 1972இல் பூர்வகுடித் தலைவர்களின் குழு ஒன்று அணியின் தலைவர் எட்வேர்ட் பெனட் வில்லியம்ஸை நேரில் சந்தித்தது. பலன்? பாட்டின் மிக மோசமான சில வரிகளை மாற்றினார்கள். பெயர் அப்படியே.

1992 ஜனவரியில் மினியாபொலிஸில் இந்த அணி சுப்பர் போல் வென்றபோது, வெளியில் ஆயிரக்கணக்கில் பூர்வகுடி மக்களும் ஆதரவாளர்களும் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே வருசம் சூசன் ஷோன் ஹார்ஜோவும் இன்னும் ஆறு பேரும் சேர்ந்து, இழிவுபடுத்தும் சொல்லை வணிகச்சின்னமாகப் பதிய ஏலாது என்ற சட்டப்பிரிவின் கீழ் மனுப் போட்டார்கள். 1999இல் வென்றார்கள். 2003இல் நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. ஒரு காரணம், அவர்கள் மிகவும் தாமதித்து வந்துவிட்டார்கள் என்பது! 2009இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

"தாமதம்" என்று சொல்ல முடியாத இளையவர்களாகப் பார்த்து இரண்டாவது மனு போடப்பட்டது. அதன் முகம் நவஹோ இனத்தைச் சேர்ந்த அமண்டா பிளாக்ஹோர்ஸ். 2014இல் அவர்களும் வென்றார்கள், ஆறு பதிவுகள் ரத்தாகின. பிறகு 2017இல் வேறொரு வழக்கு எல்லாவற்றையும் கவிழ்த்தது. ஆசிய அமெரிக்கர்களின் இசைக்குழு ஒன்று, தங்களை நோக்கி வீசப்பட்ட வசைச்சொல்லைத் தாங்களே பெயராக எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகப் போராடி வென்றது. அந்தத் தீர்ப்பில் முழுச் சட்டப்பிரிவும் செல்லாது என்றானது. தங்கள் மீது எறியப்பட்ட கல்லைத் தாங்களே தூக்கி வைத்திருக்க ஒரு குழு பெற்ற உரிமையின் நிழலில், அடுத்தவர் மீது கல் எறிகிற கம்பனியும் தப்பிவிட்டது. சட்டம் சில நேரம் இப்படித்தான் வேலை செய்யும்.

இதற்கிடையில் 2013இல் அப்போதைய உரிமையாளர் டான் ஸ்னைடர் பெயரை ஒருபோதும் மாற்றமாட்டேன் என்றார். "ஒருபோதும்" என்பதைப் பெரிய எழுத்தில் போடலாம் என்று நிருபருக்கே சொன்னார்.

கருத்துக்கணிப்பு என்னும் கேடயம்

பெயரைக் காப்பாற்ற நினைப்பவர்களின் மிகப் பலமான வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 2016இல் வொஷிங்டன் போஸ்ட் 504 பூர்வகுடிகளிடம் தொலைபேசியில் கேட்டது. பத்தில் ஒன்பது பேர் பெயர் தங்களைப் புண்படுத்தவில்லை என்றார்கள். அணியின் பழைய இலச்சினையை உருவாக்க உதவியவரே பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த தலைவர் வோல்டர் வெட்சல்தான். சொல்லின் வேரைத் தேடிப்போன மொழியியலாளர் ஐவ்ஸ் கொடார்டும், அது ஆரம்பத்தில் பூர்வகுடிகள் தங்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லின் மொழிபெயர்ப்பு என்று காட்டியிருக்கிறார்.

எங்கள் பதில் மூன்று.

முதலாவது, ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பது அது எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லாது. 1863இல் மினசோட்டாவில் ஒரு செய்தித்தாள், கொல்லப்பட்ட பூர்வகுடி ஒவ்வொருவருக்கும் அரசு தரும் சன்மானம் 200 டொலர் என்று அறிவித்தபோது பாவித்தது இதே சொல்லைத்தான். 1898ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதி இதை இழிவாகப் பாவிக்கப்படும் சொல் என்று குறித்திருக்கிறது. மார்ஷல் பெயர் வைத்தது அதற்கும் 35 வருசம் பிறகு.

இரண்டாவது, இலச்சினையும் பெயரும் ஒன்றில்லை. ஒரு தலைவரின் முகத்தை மரியாதையாக வரையலாம். அதன் கீழ் வசைச்சொல்லை எழுதிவிட்டு, முகம் அழகாக இருக்கிறதே என்று கேட்கக்கூடாது.

மூன்றாவது, கணக்கே நிலைக்கவில்லை. 2020இல் வெளியான ஆய்வொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிகளிடம் விரிவாகக் கேட்டபோது, ஏறக்குறைய பாதிப்பேர், 49 சதவீதம், பெயர் புண்படுத்துகிறது என்றார்கள். தங்கள் பண்பாட்டு வாழ்வில் கூடுதலாக ஈடுபடுகிறவர்களிடம் அது 67 சதவீதம். அமெரிக்க உளவியல் சங்கம் 2005இலேயே பூர்வகுடி உருவங்களை விளையாட்டுச் சின்னங்களாகப் பாவிப்பதை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் போட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளின் மனதை அவை பாதிக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சரி, பத்தில் ஒருவருக்குத்தான் நோகிறது என்றே வைப்போம். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளை நோகுது என்கிறது. உடனே அவளின் சொந்தக்காரரிடம் வாக்கெடுப்பு நடத்துவீர்களா, இல்லை கூப்பிடுவதை நிறுத்துவீர்களா?

பன்னிரண்டு நாள்

2020 மே 25 ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்டார். அமெரிக்கத் தெருக்கள் கொந்தளித்தன. ஜூன் 19 அன்று பழைய மைதானத்தில் இருந்த மார்ஷலின் நினைவுச்சின்னம் அகற்றப்பட்டது. ஜூலை 1 அன்று, மொத்தம் 620 பில்லியன் டொலர் சொத்துள்ள 87 முதலீட்டு நிறுவனங்களும் பங்குதாரர்களும் நைக்கி, ஃபெட்எக்ஸ், பெப்சிகோ ஆகியவற்றிடம் இந்த அணியோடு உறவை முறிக்கச் சொல்லி எழுதின செய்தி வெளிவந்தது. அடுத்த நாள் ஃபெட்எக்ஸ் பெயரை மாற்றும்படி பகிரங்கமாகக் கேட்டது. அணியின் மைதானத்துக்குப் பெயர் சூட்டும் உரிமையை 205 மில்லியன் டொலருக்கு வாங்கியிருந்த கம்பனி அது. நைக்கி தன் இணையக் கடையில் இருந்து அணியின் பொருட்களை எடுத்துவிட்டது. ஜூலை 13 அன்று பழைய பெயர் கைவிடப்படும் என்று அறிவிப்பு வந்தது.

1968இல் இருந்து 52 வருசம் கேட்காத காதுக்கு, காசு கதைத்தபோது பன்னிரண்டு நாள் போதுமாக இருந்தது. "ஒருபோதும்" என்று சொன்ன ஸ்னைடர் 1999இல் 800 மில்லியன் டொலருக்கு வாங்கிய அணியை 2023இல் 6.05 பில்லியன் டொலருக்கு விற்றுவிட்டுப் போனார். பூர்வகுடி மக்களுக்குக் கிடைத்தது ஒரு சொல் குறைந்தது மட்டும்தான்.

இதற்காக அந்த வெற்றியைச் சின்னதாக்க நாங்கள் வரவில்லை. முதலீட்டாளர்களின் மேசைக்கு அந்தக் கடிதம் தானாகப் போகவில்லை. ஹார்ஜோ, பிளாக்ஹோர்ஸ் போன்றவர்கள் ஐம்பது வருசமாக அந்தப் பெயரை வெட்கப்பட வேண்டிய ஒன்றாக ஆக்கி வைத்திருந்தபடியால்தான் 2020இல் கம்பனிகளுக்கு அது பாரமாகத் தெரிந்தது. ஆனால் நன்றியறிவிப்பு யாருக்குப் போனது என்று பாருங்கள். செய்தித் தலைப்புகளில் ஃபெட்எக்ஸும் நைக்கியும். அதைத்தான் எதிர்க்கிறோம்.

திரும்பவும் அதே காணி

இப்போது 2025க்கு வருவோம். அணிக்குத் தற்போதைய பெயர் "கொமாண்டர்ஸ்". சப்பைப் பெயர்தான், ஒத்துக்கொள்கிறோம். சப்பைப் பெயர் ஒருவரையும் கொல்லாது. புதிய உரிமையாளர் ஜோஷ் ஹரிஸ் பெயர் மாறாது என்று 2025 பெப்ரவரியில் சொன்னார். ஏப்ரலில் நகரசபையோடு சேர்ந்து புதிய மைதானத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எங்கே? அதே அனகொஸ்டியா ஆற்றங்கரையில், 1961இல் திறந்த அதே மைதானம் இருந்த அதே காணியில். அந்தக் காணியின் நிர்வாகத்தை 99 வருசத்துக்கு நகரத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் 2025 ஜனவரியில்தான் பைடன் கையெழுத்திட்டிருந்தார்.

விளங்குதா? 1961இல் ஓர் அரசாங்கம் இந்தக் காணியைக் காட்டி, "கறுப்பினத்தவரைச் சேர், இல்லாவிட்டால் வெளியே போ" என்றது. 2025இல் இன்னோர் ஜனாதிபதி இதே காணியைக் காட்டி, "வசைச்சொல்லைத் திருப்பி எடு, இல்லாவிட்டால் பார்" என்கிறார். கருவி ஒன்றே. பிடித்த கை வேறு.

"அப்ப அண்டைக்குச் சரி, இண்டைக்குப் பிழையா? அரசாங்கம் விளையாட்டில் தலையிடலாமா, கூடாதா?" என்று யாராவது கேட்கலாம். கேள்வியே வளைந்தது. யுடல் பறித்தது ஒரு முதலாளி ஆட்களை ஒதுக்கி வைத்திருந்த அதிகாரத்தை. ட்ரம்ப் பறிக்க நினைப்பது ஒதுக்கப்பட்டவர்கள் ஐம்பது வருசம் போராடி எடுத்ததை. இரண்டும் "தலையீடு" என்று ஒரே தராசில் போடுகிற நடுநிலை எங்களுக்கு வேண்டாம்.

அந்தக் காணிக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. அனகொஸ்டியா என்ற பெயரே, அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த நகொட்ச்டாங்க் என்ற பூர்வகுடிகளின் பெயர் திரிந்து வந்தது. 1608இல் ஆங்கிலேயர் வந்து பார்த்தபோது அங்கே அவர்களின் ஊர் இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நோயாலும் சண்டையாலும் சிதறிப்போனார்கள். ஆற்றுக்குப் பெயர் மிஞ்சியது, ஊர் மிஞ்சவில்லை. அவர்களின் கரையில் நின்றுகொண்டு, பூர்வகுடிகளைக் கௌரவிக்கிறோம் என்று சண்டை பிடிக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. "செவ்விந்தியர்" என்ற சொல் எங்கட மொழியில் இன்னும் சர்வசாதாரணமாக ஓடுகிறது. சித்திரக்கதைகளில், மொழிபெயர்ப்புகளில், டப்பிங் படங்களில். தோலின் நிறத்தையும், கொலம்பஸின் திசை தவறின கப்பலையும் ஒன்றாகக் கட்டி ஒரு கண்டத்தின் மக்களுக்கு ஒட்டின பெயர் அது. நவஹோ, பிளாக்ஃபீட், செயென் என்று அவர்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன. பொதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் பூர்வகுடிகள் என்ற நல்ல சொல் இருக்கிறது. எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இதை மாற்ற எந்த நீதிமன்றமும் தேவையில்லை, எந்த ஃபெட்எக்ஸும் தேவையில்லை.

கடைசியாக, இந்தக் கதையை இனிச் சொல்லும்போது வரிசை மாறாமல் சொல்லுங்கள். மிச்சலுக்குக் கதவைத் திறந்தது மார்ஷல் இல்லை. பெயரை எடுத்தது ஸ்னைடர் இல்லை, நைக்கியும் இல்லை. வாசலில் மறியல் நின்ற கறுப்பின மக்கள், 1972இல் மேசைக்கு முன்னால் இருந்து கதைத்த பூர்வகுடித் தலைவர்கள், பதினேழு வருசம் வழக்காடித் தோற்ற ஹார்ஜோ, வென்றும் தோற்ற பிளாக்ஹோர்ஸ். இவர்கள் பிடுங்கி எடுத்தவை இவை. தானாகத் தந்தது என்று நம்பினால், திருப்பிக் கேட்கும்போது கொடுத்துவிடுவோம். பிடுங்கி எடுத்தது என்று தெரிந்தால் கையை இறுக்கிப் பிடிப்போம்.